சாகிபின் பந்தும் சுடலை அத்தானின் லீவும்

எனக்குக் கடலைக் காட்டிய என் சுடலை அத்தானுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதைக் கேட்க முடியாமல் கால் மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மழை விட்டிருக்கிறது. நீங்கள் கட்டிய குவார்ட்டர்ஸ் வரிசையில் என் வீடு மட்டும் ஒழுகுகிறது. நீங்கள் இருந்தால், "குமாஸ்தா வீட்டுக்கு அதுதாம்ல அழகு" என்று சிரித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

ரங்கத்தில் நம் அந்தமான் ஆட்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். முகாமுக்கு முதலில் வந்த மிஸ்திரி என்று உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சங்கரன், உங்களுக்குத்தான் எழுத்து நல்லா வருமே" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லதாக நாலு வார்த்தை எழுதித்தானே அத்தான், நான் உங்களை இங்கேயே புதைத்தேன்?

உங்களுக்குத் தெரியாத விஷயம் அது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அக்கா இன்னும் உங்கள் பேரைச் சொல்வதில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட வர மனசில்லாத மனுஷன் என்று முடிவு கட்டிவிட்டாள். அப்படி இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் இதுவரை வாய் திறக்கவில்லை.

இந்தக் கடிதத்தையே அந்தப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரங்கத்துக்குத் தெற்கே காட்டுக்குள் எங்கள் மரம் வெட்டும் முகாம். அத்தான் அங்கே தச்சு மிஸ்திரி. என் அக்காவின் புருஷன். அக்காவையும் மகள் வள்ளியையும் அம்பாசமுத்திரத்துப் பக்கம் விட்டுவிட்டு முதலில் அவர் வந்தார். பிறகு எனக்கு ஆபீசில் எழுத்து வேலை இருக்கிறதென்று ஆள் சொல்லியனுப்பி வரவழைத்தார். முகாமுக்குத் தலைமை, வடக்கேயிருந்து வந்த ஒரு சாகிப். இரண்டு வருஷம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர், ஐந்தாவது வருஷமும் இங்கேதான் கிடந்தார். மாற்றல் கேட்டு அவர் எழுதிய மனுக்களை எல்லாம் டைப் அடித்தது நான்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது, மாற்று ஆள் இல்லை என்று.

அந்த வெறுப்பில்தான் அவர் கோல்ப் ஆட ஆரம்பித்தார். மரம் வெட்டித் தீர்த்த வெளியில் மூன்று குழி தோண்டி, சுற்றிலும் மணலில் எண்ணெய் ஊற்றிக் கெட்டித்து வைத்தார். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் சதுப்புநிலக் கால்வாய், எதிரே கடல். மரம் இழுக்கும் யானைகள் குறுக்கே நடந்து போகும். லத்தி போட்டுவிட்டும் போகும். பந்து பொறுக்குவது என் வேலை. ஆபீசில் பி.ஏ. பாஸ் பண்ணிய ஒரே ஆள் பந்து பொறுக்குகிறான் என்று நீங்கள் எத்தனை நாள் கேலி செய்தீர்கள்!

ஆனால் சாகிபின் பந்து போகவே போகாது. தூரமாக அடிப்பதற்கென்று மரத்தலை வைத்த நீண்ட மட்டை ஒன்று உண்டு, டிரைவர் என்பார். அதை எடுத்து உயிரைக் கொடுத்து அடிப்பார். பந்து கிளம்பும். மேலே ஏறும். மேலும் ஏறும். கடல்காற்றில் அப்படியே நின்று யோசித்துவிட்டு, பாதி வழியில் பொத்தென்று விழும். சாகிப் மட்டையைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், கடைசியில் என்னைப் பார்ப்பார். நான் என்ன செய்வேன்?

ஒருநாள் நீங்கள் ஜன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தவர், வேலையை நிறுத்திவிட்டு என்னோடு பந்தைத் தேடி வந்தீர்கள். பந்து சேற்றில் குழி பறித்து உட்கார்ந்திருந்தது. விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண்கூட ஓடவில்லை. நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"மாப்ளே, பந்து முன்னால போவுது. ஆனா தன்னைத்தானே பின்பக்கமா சுத்திக்கிட்டே போவுது. அந்தச் சுத்துதான் அதை மேல தூக்குது. கொஞ்சம் சுத்தணும், இல்லேன்னா உடனே விழுந்துரும். இது ரொம்பச் சுத்துது. காத்து எதுத்து வந்தா ஏறி ஏறி அங்கனயே நின்னுருது" என்றீர்கள்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாது. பாக்கணும்."

மறுநாள் வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டையின் முகத்தில், பந்து படும் பக்கத்தில், மெல்லிசாகத் தடவிக் கொடுத்தீர்கள். ஈரத்தில் மரம் ஊதாமலிருக்க மருந்து என்று சாகிபிடம் நான் சொன்னேன். அவர் அடித்ததும் வாங்கிப் பார்த்தோம். பந்தின் தடம் முகத்தின் நடுவில் இல்லை, அடி விளிம்பில் இருந்தது. வட்டமாகவும் இல்லை, மேல்நோக்கி இழுபட்டிருந்தது. நான்கு நாள் பார்த்தோம், நான்கு நாளும் அதேதான்.

"மரம் வெட்டுத மாதிரி மேலேயிருந்து கீழ வெட்டுதாரு. பந்து அடியில படுது. முகம் வேற மல்லாந்து கிடக்கு. சுத்தாம என்ன செய்யும்?" இதைச் சொல்லிவிட்டு நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு போய்விட்டீர்கள். அன்றைக்கே மட்டையை உங்கள் பட்டறைக்கு அனுப்பச் சொல்லி சாகிபிடம் கேட்டது நான்தான். அங்கேயே என் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நீங்கள் வேலை செய்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மட்டையின் முகத்துக்குத் தகடு வெட்டிச் சாய்வை அளந்துகொண்டு, அரத்தால் நூல் நூலாகத் தேய்த்து முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினீர்கள். அடியிலிருந்த பித்தளைத் தகட்டைத் திருகிக் கழற்றினால், கனத்துக்காக ஊற்றிய ஈயம் பின்பக்கம் இருந்தது. அதைத் தோண்டி எடுத்து, முகத்துக்கு நேர் பின்னால் முன்பக்கமாக ஊற்றினீர்கள். கனம் பந்தை ஒட்டி இருந்தால் சுழற்சி குறையும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? மட்டையின் கம்பி துவள்கிறதென்று பிடிப்பக்கம் ஓரங்குலம் வெட்டினீர்கள். பந்தை உட்கார வைக்கும் முளைகளை மூங்கிலில், பழையதைவிட ஒரு விரல் உயரமாகச் சீவினீர்கள். பந்து உயர உட்கார்ந்தால் முகத்தின் மேல்பாதியில் படும் அல்லவா?

மட்டையைத் திருத்தியாயிற்று. சாகிபை எப்படித் திருத்துவது? ஒரு மிஸ்திரி போய், ஐயா நீங்கள் வீசுவது தப்பு என்று சொல்ல முடியுமா? பந்து பொறுக்கும் குமாஸ்தா சொல்ல முடியுமா?

நீங்கள் படாக் மரத்தில் ஒரு பலகை செய்தீர்கள். சேறு படாமல் சாகிப் அதன்மேல் நின்று ஆடலாம். அதில் இரண்டு பாதத் தடங்களைச் சுண்ணாம்பால் வரைந்தீர்கள். முளை நடும் துளையை இடது குதிகாலுக்கு நேராக, வழக்கத்தைவிட நன்றாக முன்தள்ளிப் போட்டீர்கள். அங்கே நின்றால் மட்டை கீழே இறங்கி முடித்து மேலே எழும்பும்போதுதான் பந்தைத் தொடும். கல்கத்தாவில் பெரிய பெரிய மைதானங்களில் எல்லாம் இப்போது இப்படித்தான் என்று நான் கூசாமல் புளுகினேன். போதாததற்குப் பந்துக்கு முன்னால் ஒன்றரைச் சாண் தள்ளி தேங்காய் உரித்துப் போட்ட கதம்பை ஒன்றை வைத்தீர்கள். மேலேயிருந்து வெட்டினால் கதம்பை பறக்கும். முதல் நாள் மூன்று தடவை பறந்தது. சாகிப் முறைத்தார். நான்காம் நாள் கதம்பை வைத்த இடத்திலேயே இருந்தது.

பந்து அன்றைக்குப் போன போக்கு! தாழ்வாகக் கிளம்பி, காற்றைக் கிழித்துக்கொண்டு, கருகிய அடிக்கட்டையைத் தாண்டி விழுந்து, விழுந்த பிறகும் ஓடிக் கால்வாய்க் கரையில் போய் நின்றது. சாகிப் மட்டையைக் கீழே போட்டார். பிறகு, "மிஸ்திரி! கமால் கர் தியா!" அசத்திவிட்டாய் என்று கத்தி உங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உங்கள் சட்டையெல்லாம் மரத்தூள். அந்த மனுஷன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து வருஷத்தில் அவருக்கு நினைத்தபடி நடந்த ஒரே காரியம் அதுதானோ என்னவோ.

அடுத்த தபால் லாஞ்சில் அக்காவின் கடிதம் வந்தது. வள்ளிக்கு இடம் குதிர்ந்துவிட்டது, தை மாசம் கல்யாணம், தாரை வார்த்துக் கொடுக்க நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று. நீங்கள் மெயின்லேண்ட் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. கடிதத்தை மடித்துப் பையில் வைப்பதும், எடுத்து என்னையே திரும்ப வாசிக்கச் சொல்வதுமாக இருந்தீர்கள்.

"லீவு மனுவை நல்லா எழுது மாப்ளே. சாகிப் மனசு இளகுத மாதிரி எழுது" என்றீர்கள்.

எழுதினேன் அத்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. இங்கிலீஷில் மூன்று பாரா. நல்ல வேலைக்காரனுக்குத்தான் நல்ல மனசோடு லீவு கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இந்த முகாமில் இவருக்கு ஈடான மிஸ்திரி இல்லை, இவர் கைபடாத கட்டடம் இல்லை, இவரைப் போல் இன்னொருவர் கிடைப்பது அரிது, ஆகவே இவருக்கு இரண்டு மாதம் லீவு தந்து பெருமைப்படுத்த வேண்டும் என்று எழுதினேன். எழுதி முடித்து நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன்.

மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. சாகிப் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். "குமாஸ்தாவே சொல்லியிருக்கிறபடி இவருக்கு ஈடான ஆள் இல்லை. எனவே மாற்று ஆள் வரும்வரை இவரை விடுவிக்க முடியாது." நான் எழுதிய வரியின் கீழே அடிக்கோடு வேறு.

நான் உங்களிடம் என்ன சொன்னேன்? "சாகிப் மாட்டேங்கார் அத்தான்." அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அன்றைக்கு எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று தெரியுமா?

நீங்களே போய்க் கேட்டீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். சாகிப் தோளைத் தட்டி, "தும் நஹீ தோ கோன், மிஸ்திரி?" என்றார். நீ இல்லாவிட்டால் வேறு யார் என்று ஆசையாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

அப்புறம் நான் செய்தது அதைவிடக் கேவலம். கப்பலுக்கு மூன்று வாரம் இருந்தது. மட்டையைக் கெடுத்துவிடுங்கள், உங்களுக்குத் திறமை இல்லையென்று சாகிப் கைகழுவி விடுவார் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

"நல்லா இருக்கறதைக் கெடுத்துக் குடுக்கச் சொல்லுதியா?"

"வள்ளிக்காக அத்தான்."

மத்தியானம் முழுக்க மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சாப்பிடவில்லை. தேநீர் மணி அடித்த பிறகு தகட்டைத் திருகி, ஈயத்தைப் பழையபடி பின்னால் ஊற்றினீர்கள். முளைகளையும் குட்டையாக நறுக்கினீர்கள்.

மறுநாள் பந்து வானத்துக்கு ஏறிப் பாதி வழியில் விழுந்தது. பத்துப் பந்தும் அப்படியே. சாகிபின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அழுதுவிடுவார் போலிருந்தது. "மிஸ்திரி கோ புலாவோ!" என்று உங்களைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். நீங்கள் ஓடி வந்தீர்கள். "இதைச் சரிபண்ணு. உன்னால்தான் முடியும். இது சரியாகாமல் லீவுப் பேச்சே வேண்டாம்" என்றார்.

"சரி பண்ணிட்டா விடுவார்லா மாப்ளே?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலத்துக்குள் சரி பண்ணிக் கொடுத்தீர்கள். பந்து மறுபடியும் கால்வாய்க் கரைக்குப் போயிற்று. சாகிப் என்னைப் பார்த்து, "பார்த்தாயா, நீ எழுதியது எவ்வளவு உண்மை!" என்றார். பந்து போனாலும் விட மாட்டார், போகாவிட்டாலும் விட மாட்டார். இதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்புவது? நீங்கள் பட்டறைக்குப் போய் ஜன்னல் சட்டத்தை இழைக்க ஆரம்பித்தீர்கள்.

எனக்கு லீவு கிடைத்தது. நான் தாய்மாமன், நானும் போக வேண்டுமே. எனக்காக நான் எழுதியது ஒரே வரி. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த அந்தமானில் யாருக்கும் வேண்டாதவனுக்குத்தான் கப்பல் கிடைக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

லாஞ்ச் கிளம்பும்போது படகுத்துறையில் நின்றீர்கள். "உங்கக்காகிட்ட விவரமா சொல்லு. நான் வர மாட்டேன்னு இருந்துட்டதா நினைச்சுரப் போறா" என்றீர்கள். இந்த ஒரு வேலையைத்தான் எனக்குக் கொடுத்தீர்கள்.

கல்யாணத்தில் உங்கள் அண்ணன்தான் தாரை வார்த்தார். அக்கா என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டாள்.

"உன்னை விட்டாங்கல்லா? அவரை மட்டும் எதுக்குல விடல?"

"வேலை, அக்கா."

"என்ன வேலை? மகளைக் கட்டிக் குடுக்கதைவிட அங்க என்ன வேலை?"

கோல்ப் மட்டை வேலை என்று எப்படிச் சொல்வேன்? ஏன் அவருக்கு மட்டும் மாற்று ஆள் வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் என் மூன்று பாரா. பக்கத்தில் நின்ற ஒருத்தி, "அங்க இன்னொரு குடித்தனம் இருக்கோ என்னமோ" என்றாள். அக்கா என் முகத்தையே பார்த்தாள். அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பந்தி விசாரிக்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அவ என்ன சொன்னா?" என்பதுதான். "உடம்பைப் பாத்துக்கச் சொன்னா அத்தான்" என்றேன். நீங்கள் நம்பினீர்கள். அப்புறம் ஒவ்வொரு தபால் லாஞ்சுக்கும் நடந்து போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். "மழையில தபால் நனைஞ்சிருக்கும்" என்று நீங்களே சொல்லிக்கொள்வீர்கள்.

அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது. கடல் கொந்தளித்து நான்கு நாள் லாஞ்ச் ஓடவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்து, "மாத்து ஆளு வந்தாச்சால?" என்று கேட்டீர்கள். வந்துவிட்டார் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த ஒரு பொய் மட்டும் எனக்கு வாயில் வரவில்லை, பாருங்கள்.

நீங்கள் கண் மூடி இரண்டு மாதம் கழித்து மாற்று ஆள் நிஜமாகவே வந்தார். கொல்லத்துக்காரர். நல்ல ஆசாரி, நல்ல மனுஷன். போன வருஷம் சாகிபுக்கும் மாற்றல் கிடைத்தது. மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மிஸ்திரியை மறக்க மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக் கலங்கினார். பொய்யில்லை, நிஜமாகவே கலங்கினார். புது அதிகாரி ஆடுவதில்லை. மூன்று குழியிலும் புல் மூடிவிட்டது. உங்கள் பலகையை ஆபீஸ் வாசல் சாக்கடைமேல் போட்டிருக்கிறோம். தினமும் அதன்மேல்தான் நடந்து போகிறேன். சுண்ணாம்புப் பாதம் எப்போதோ அழிந்துவிட்டது.

அத்தான், எனக்கு லீவு வந்திருக்கிறது. வருகிற கப்பலில் போகிறேன். அக்கா இப்போது வள்ளி வீட்டில் இருக்கிறாள். அங்கே சுவரில் உங்கள் படம் இல்லை. வள்ளியின் பிள்ளைக்கு உங்கள் பேரை விடவில்லை. எனக்கு இருக்கிற சொந்தம் அந்த ஒரு வீடுதான். சொன்னால் அதுவும் போய்விடும் என்றுதான் இத்தனை நாள் பயந்துகொண்டு கிடந்தேன்.

நேற்று ஆபீசில் ஒரு தப்புக் காரியம் செய்தேன். பழைய கோப்பிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டேன். என் மூன்று பாராவும், சிவப்பு மையும், அடிக்கோடும், கீழே என் கையெழுத்தும் அதில் இருக்கின்றன. வள்ளியின் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலீஷ் தெரிந்தவர். நான் வாசித்தால் எங்கேயாவது ஒரு வரியை விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அவரை வாசிக்க வைக்கிறேன், அக்கா முன்னால், வள்ளி முன்னால், ஒரு வார்த்தை விடாமல். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வாசித்து முடித்ததும் அக்கா என்னை வெளியே போகச் சொல்லுவாள். போய்விடுவேன். அதற்கு முன் அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லுவேன்: "அத்தான் வர மாட்டேன்னு இருக்கல அக்கா. படகுத்துறையில நின்னு அதைத்தான் உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

இப்படிக்கு,
நீங்கள் வாய் நிறைய மாப்ளே என்று கூப்பிட்ட
உங்கள் மச்சினன்
சங்கரன்